எரிபொருள் தொட்டிக்குள் ஒளி: விமான எரிபொருள் அளவிடலின் வரலாறு

சாலையில் பெட்ரோல் தீர்ந்துவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். வானத்தில் தீர்ந்துவிட்டால்? 'தொட்டியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது?' என்ற எளிய கேள்விக்குச் சரியான விடை காண விமானப் பொறியாளர்கள் பல தலைமுறைகளாகப் பாடுபட்டு வந்திருக்கிறார்கள். தக்கையில் தொடங்கிய அந்த முயற்சி, தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை வரை வந்திருக்கிறது.

தக்கையும் கம்பியும்

1930களின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த 'பைப்பர் ஜே-3 கப்' என்ற சிறு விமானத்தில், முன்கண்ணாடிக்கு எதிரே தொட்டியின் மூடி வழியாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் ஒரு தக்கை. எரிபொருள் குறையக் குறையக் கம்பி உள்ளே இறங்கும். அவ்வளவுதான் கருவி! ஆனால் விமானம் சாயும்போது எரிபொருளும் ஒரு பக்கம் ஒதுங்கும். மிதவை பொய் சொல்லும். பெரிய விமானங்களின் இறக்கைக்குள் நீண்டு கிடக்கும் தொட்டிகளுக்கு ஒற்றை மிதவை போதவே போதாது.

மின்சாரம் உள்ளே வந்தது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்தேக்கி முறை பரவியது. ஒன்றுக்குள் ஒன்றாக இரு உலோகக் குழாய்களைத் தொட்டிக்குள் நிறுத்துவார்கள். இடையில் காற்று இருந்தால் அதன் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 1; எரிபொருள் இருந்தால் ஏறத்தாழ 2. எனவே எரிபொருள் மட்டம் உயர உயர மின்தேக்குதிறன் கூடும். அசையும் பாகம் எதுவும் இல்லை. ஒரே தொட்டியில் பல இடங்களில் இவற்றை வைத்துக் கணக்கிட்டால், விமானம் சாய்ந்தாலும் ஓரளவு சரியான அளவு கிடைக்கும்.

ஆனால் கருவி பழுதானால் என்ன ஆகும் என்பதை 1983 ஜூலை 23 காட்டியது. ஏர் கனடாவின் புத்தம் புதிய போயிங் 767 விமானத்தில் எரிபொருள் அளவி வேலை செய்யவில்லை. அளவுக்கோல் கொண்டு பார்த்ததில் 7,682 லிட்டர் இருந்தது. அதை எடையாக மாற்றும்போது, லிட்டருக்கு 0.803 கிலோகிராம் என்று பெருக்குவதற்குப் பதிலாக 1.77 பவுண்டு என்ற பழைய எண்ணால் பெருக்கி, விடையைக் கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டார்கள். தேவையான 22,300 கிலோவில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது. 41,000 அடி உயரத்தில் இருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கியது. இரு இயந்திரங்களும் நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சன் அதைச் சறுக்கு விமானம் போல ஓட்டி, கிம்லியில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் உயிர் தப்பினார்கள்.

அளவியின் கம்பியே ஆபத்தா?

1996 ஜூலை 17 அன்று அந்த அதிர்ஷ்டம் இல்லை. நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 என்ற போயிங் 747 சில நிமிடங்களிலேயே வெடித்துச் சிதறியது. 230 பேர் மாண்டார்கள். நான்கு ஆண்டு விசாரணைக்குப் பின் 2000இல் முடிவு வந்தது. நடுத் தொட்டியில் இருந்த எரிபொருள் ஆவியும் காற்றும் தீப்பற்றியிருந்தன. தீப்பொறி எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆயினும், தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட மின்கசிவினால் உயர் மின்னழுத்தம் எரிபொருள் அளவியின் கம்பிகள் வழியே உள்ளே நுழைந்திருக்கலாம் என்பதே மிகவும் சாத்தியமான காரணமாகக் கருதப்பட்டது. அளவி பயன்படுத்தும் மின்சாரம் மிகச் சிறியதுதான். ஆனால் கம்பி என்று ஒன்று இருந்தால், அதில் வேறு மின்சாரமும் ஏறிக்கொள்ள முடியும் அல்லவா?

ஒளியின் முறை

கண்ணாடி இழையில் இந்தப் பயம் இல்லை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே போவது ஒளி மட்டுமே. 1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்காமும் தூய கண்ணாடியில் ஒளியை வெகுதூரம் அனுப்பலாம் என்று காட்டினார்கள். 1970இல் கார்னிங் நிறுவனம் அத்தகைய இழையைச் செய்தது. தொலைபேசிக்காகப் பிறந்த இழை, விரைவில் அளவிடும் கருவியாகவும் மாறியது.

அதன் எளிய வடிவம் இதுதான். இழையின் முனையைக் கூம்பு போலச் சீவி விடுவார்கள். முனை காற்றில் இருந்தால் ஒளி முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து திரும்பி வரும். எரிபொருளில் மூழ்கினால், அதன் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு நெருக்கமானது என்பதால் ஒளி வெளியே கசிந்துவிடும். ஒளி திரும்பினால் காலி, திரும்பாவிட்டால் எரிபொருள்!

1978இல் கனடாவில் கென் ஹில் குழுவினர் கண்டறிந்த பிராக் கீற்றணி இன்னொரு வழியைத் திறந்தது. இழைக்குள் பதிக்கப்படும் இந்தக் கீற்றுகள் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். ஒரு மெல்லிய சவ்வில் ஒட்டி வைத்தால், எரிபொருளின் அழுத்தத்தில் சவ்வு வளையும்போது அந்த அலைநீளம் நகரும். ஒரே இழையில் பல உயரங்களில் உணரிகளை அமைக்கலாம்.

குறைகளும் உண்டு. முனையில் அழுக்கு படிந்தால் ஒளி ஏமாற்றும். வெப்பநிலை மாறினாலும் அலைநீளம் நகரும். அதற்கும் சேர்த்துத் திருத்தம் செய்ய வேண்டும். இதனால் இன்றும் பெரும்பாலான பயணிகள் விமானங்களில் மின்தேக்கி முறையே தொடர்கிறது.

அளக்கும் கருவியே ஆபத்தைக் கொண்டுவரக் கூடாது என்பது 230 உயிர்களை இழந்து கற்ற பாடம். அந்தப் பாடத்திற்கு ஒளி இழை ஒரு நல்ல விடை.