முட்டைக்குக் காவல், தாய்க்கு?

அகநானூற்றின் 160ஆம் பாட்டில் ஒரு கடலாமை வருகிறது. அடும்புக்கொடி சிதைய மணலில் ஏறி, முட்டையிட்டு, மறைத்துப் புதைக்கிறது. குஞ்சு வெளிவரும்வரை அதன் ஆண் காவல் இருக்கிறது என்கிறது பாட்டு. புதைப்பதைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் அது பாட்டில் ஏறியிருக்க வேண்டும். காவல் மட்டும் கவியின் ஆசை. நம் கரைகளில் ஆண் ஆமை மணலை மிதிப்பதே இல்லை. தாயும் குழியை மூடிய கையோடு கடலுக்குத் திரும்பிவிடுகிறது. ஆக, காவலுக்கு ஆளில்லை. அந்தக் காலி இடத்தில் பிற்காலத்தில் யார் யார் வந்து நின்றார்கள், எதை யாரிடமிருந்து காத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால், தமிழகக் கடற்கரையின் ஐம்பது ஆண்டு அரசியல் அதற்குள் கிடக்கிறது.

முதலில் ஆமை ஒரு சரக்கு. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஆண்டுக்கு 3000 முதல் 4000 ஆமைகள் பிடிபட்டன, அதில் முக்கால்வாசி பேராமை என்று 1960களின் இறுதியில் ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். இராமேசுவரம், பாம்பன் பக்கத்திலிருந்து உயிரோடு யாழ்ப்பாணத்துக்குப் போயின. தூத்துக்குடியில் ஆமை இரத்தத்தை மருந்தென்று குடித்தார்கள். சோழமண்டலக் கரைக்குத் தை முதல் பங்குனிவரை வருவது சிற்றாமை. பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். அதன் முட்டைக்குத்தான் கிராக்கி. குழிக்கு நூறுக்கு மேல் முட்டை. கரையில் இருந்தவர்கள் தின்றார்கள், விற்றார்கள். இதை மறைத்து மீனவரைக் கடலின் புனிதப் புதல்வராக வரைவது வேறொரு பொய். அந்தப் பொய் நமக்கு வேண்டாம்.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் கடலாமைகள் அதன் முதல் பட்டியலில் ஏறின. நேற்றுவரை சந்தையில் கிடந்தது இன்று புலிக்குச் சமானம். 1970களின் தொடக்கத்திலேயே சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பிடங்களில் வைத்தார்கள். அரசு நிறுவனங்களும் பின்னால் அதைச் செய்தன. 1988இல் மாணவர்கள் ஓர் அமைப்பாகக் கூடி அந்த நடையைத் தொடர்ந்தார்கள், இன்றும் தொடர்கிறார்கள். இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. நானும் சில இரவுகள் நடந்தவன்தான். ஈர மணலில் டிராக்டர் டயர் தடம்போலத் தெரியும் அந்தச் சுவட்டைப் பார்த்து நெஞ்சடைத்து நின்றவன்தான்.

அப்படி ஒரு விடியலில், ஒதுங்கிக் கிடந்த ஆமையொன்றைச் சுற்றி நாங்கள் நின்றோம். கண் பிதுங்கியிருந்தது, கழுத்து வீங்கியிருந்தது. வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலேயே கேட்டார்: "முட்டைக்கு நீங்க காவலு. தாயிக்கு யாரு காவலு? அத்தோ, அங்க லாஞ்சு ஓடுது பாருங்க, அவங்கிட்ட போய்ச் சொல்லுங்களேன்."

அவர் கைகாட்டிய திசையில் ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் கேரளத்தின் நீண்டகரைப் பக்கம் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. மீனவர் வாழ்வை மேம்படுத்துவது என்பதே அதன் பேச்சு. 1960களில் உறைய வைத்த இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்ததும் பேச்சு மாறிற்று. இழுவைமடி கட்டிய விசைப்படகுகள் அரசு மானியத்தோடு இரு கரைகளிலும் பெருகின. இறால் வாழ்வது கரையை ஒட்டிய ஆழமற்ற சேற்றுத் தரையில். பங்குனி ஆமை இணைசேரவும் முட்டையிடவும் கூடுவதும் அதே தண்ணீரில். கட்டுமரக்காரன் வலை போடுவதும் அங்கேதான். மூவருக்கும் ஒரே இடம். ஆமைக்கு நுரையீரல், மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். மணிக்கணக்கில் இழுபடும் மடிக்குள் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகிறது. அதைக் கொல்லணும்னு யாரும் வலை வீசவில்லை. கணக்கில் வராத சாவு அது.

கட்டுமரக்காரனின் வலையும் இதே மடியில்தான் அறுந்தது. 1970களில் விசைப்படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் நடந்த மோதல்களில் படகுகள் எரிந்தன, உயிர்கள் போயின. 1978இல் பல மாநில மீனவர் சங்கங்கள் கூடித் தேசிய அமைப்பொன்றை உருவாக்கின. அதன் பெயரைக் கவனியுங்கள்: கட்டுமரம், நாட்டுப்படகு மீனவர் உரிமைக்கும் கடல் வளத்துக்குமானது. உரிமையும் வளமும் ஒரே மூச்சில். சூழலியல் என்ற சொல் நம் பத்திரிகைகளுக்குள் வருமுன்பே இதைச் சொல்லிவிட்டார்கள். அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில்தான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு கூடாது என்றது. இந்த எல்லை இப்போது 5 மைல். ஆமை இனத்தைக் காக்கக்கூடிய வலுவான சட்டம் இதுதான் என்பேன். ஆனால் அது ஆமைக்காக எழுதப்பட்டதல்ல. கட்டுமரக்காரன் இரத்தம் சிந்தி வாங்கியது.

இந்த வரலாறு ஆமைப் பாதுகாப்பின் சொல்லாடலில் இடம்பெறுவதில்லை. அங்கே மீனவர் முட்டை திருடுபவர், அல்லது விழிப்புணர்வு ஊட்டப்பட வேண்டியவர். காப்பவர் நகரத்திலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் வாஷிங்டனிலிருந்து. 1996இல் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடுத்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வணிக அமைப்பில் வழக்காடின. 1998இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு, ஆமையைக் காக்கும் நோக்கம் சரி, நாடுகளிடையே பாரபட்சம் காட்டியது தப்பு என்றது. 2019இல் இந்தியக் கடல் இறாலுக்கு மறுபடி தடை. ஏகாதிபத்தியம் என்று நாம் கத்தியதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கூச்சலுக்குள் நம்மூர் விசைப்படகு முதலாளி சுகமாக ஒளிந்துகொண்டான் என்பதும் உண்மை. வலையில் ஒரு கம்பித் தடுப்பும் ஒரு திறப்பும், அவ்வளவுதான் அந்தக் கருவி.

நாட்காட்டியையும் பாருங்கள். 2001 முதல் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. முதலில் 45 நாள், 2017 முதல் 61 நாள். அது ஏப்ரல் 15இல், அதாவது பங்குனி முடிந்தபின் தொடங்குகிறது! மீனின் இனப்பெருக்கத்துக்காக வகுத்த காலம் அது. ஆமை செத்து ஒதுங்கும் மாதங்களில் 5 மைல் எல்லை ஒன்றுதான் அதற்கு அரண். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. அந்தப் பிணங்கள் சொன்னது நாற்பது ஆண்டுப் பழைய செய்தி: எல்லை காகிதத்தில் இருக்கிறது, கடலில் இல்லை.

இன்றைக்குக் கட்டுமரம் அருகிவிட்டது. அதன் இடத்தில் எஞ்சின் வைத்த ஃபைபர் படகு. அதன் செவுள்வலையிலும் ஆமை மாட்டத்தான் செய்கிறது. விசைப்படகில் மடி இழுப்பவனும் பங்குக்கும் கூலிக்கும் போகிற மீனவன்தான். எனவே நல்லவன் கெட்டவன் கதை எழுதி முடித்துவிட முடியாது. ஆனால் ஒரு இடத்தில் ஆமையின் நலனும் சிறு மீனவனின் நலனும் ஒன்றாகவே இருக்கின்றன: கரையோர 5 மைல். தை, மாசி, பங்குனியில் அந்த எல்லைக்குள் மடி இழுக்கும் படகைத் தடுத்து நிறுத்துவதும், எல்லையைக் கண்காணிக்கும் அதிகாரத்தில் கரை ஊர்களுக்குப் பங்கு கேட்பதும் ஒரே கோரிக்கை.

ஆமை நடைக்குப் போகும் நண்பர்கள் தொடர்ந்து போகட்டும். பொரித்த குஞ்சைக் கடலில் விட்டபின், அது தாயாகத் திரும்பி வரவேண்டிய தண்ணீரைப் பற்றி மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசட்டும். பெரியவரின் கேள்விக்கு நாங்கள் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. ஆமையைப் புதைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தோம்.