ஆஸ்திரேலியாவின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இலக்கு

மின்சாரத்தை விற்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ்களை வாங்கி அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதிக்கும் ஆஸ்திரேலியச் சட்டத் திட்டம். காற்று, சூரிய ஒளி, நீர் போன்றவற்றால் கிடைக்கும் ஒவ்வொரு 1,000 யூனிட்டுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அந்த மின்சாரம் எவ்வளவு கரியமில வாயுவைத் தவிர்த்தது என்பதைச் சான்றிதழ் கணக்கில் கொள்வதில்லை.

தோற்றம்

ஜான் ஹோவர்ட் பிரதமராக இருந்தபோது 2000-இல் சட்டம் நிறைவேறி, 2001 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2010-க்குள் ஆண்டுக்குக் கூடுதலாக 950 கோடி யூனிட் என்பதே முதல் இலக்கு. நாட்டின் மின்தேவை அதைவிட அதிகமாக வளர்ந்ததால், காற்றாலைகள் பெருகியும் நிலக்கரியின் பயன்பாடு குறையவில்லை. மின்துறை உமிழ்வு 2009-இல்தான் உச்சத்தைத் தொட்டது.

ஏற்றமும் இறக்கமும்

கெவின் ரட் அரசு 2009-இல் இலக்கை 2020-க்குள் 4,500 கோடி யூனிட்டாக உயர்த்தியது. கூரைச் சூரியத் தகடுகளை ஊக்குவிக்க, ஒரு சான்றிதழுக்குத் தகுதியான இடத்தில் ஐந்து வரை வழங்கப்பட்டன. மின்சாரமே இல்லாத சான்றிதழ்கள் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. பெரிய காற்றாலைத் திட்டங்கள் தேங்கின. இதனால் 2011-இல் திட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, பெரிய நிலையங்களுக்கு 4,100 கோடி யூனிட் இலக்கு தனியே ஒதுக்கப்பட்டது. டோனி அபட் ஆட்சியில் 2014-இல் நடந்த மறுஆய்வைத் தொடர்ந்து, 2015-இல் அது 3,300 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதை எட்டத் தேவையான நிலையங்களுக்கு 2019-க்குள் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

உமிழ்வில் விளைவு

பழைய நிலக்கரி நிலையங்கள் மூடப்பட்டபோது உமிழ்வு கண்கூடாகக் குறைந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா நிலையம் 2016-இலும், விக்டோரியாவின் 1,600 மெகாவாட் ஹேசல்வுட் நிலையம் 2017-இலும் நின்றன. நெய்வேலியில் உள்ளதைப் போன்ற பழுப்பு நிலக்கரியை எரித்த ஹேசல்வுட், 1,000 யூனிட்டுக்கு ஒரு டன்னுக்கும் அதிகமாகக் கரியமில வாயுவை வெளியிட்டது. எரிவாயு நிலையங்கள் வெளியிடுவது அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே ஒரே மதிப்புள்ள இரு சான்றிதழ்கள், எந்த நிலையத்தின் உற்பத்தியை இடம்பெயர்த்தன என்பதைப் பொறுத்து வெவ்வேறு பலனைத் தந்தன. இந்த மூடல்களில் நிலையங்களின் முதுமைக்கும் பங்குண்டு. 2012 முதல் 2014 வரை, உமிழ்வுக்குக் கட்டணம் விதிக்கும் கார்பன் விலையும் நடைமுறையில் இருந்தது. எனவே உமிழ்வுக் குறைவு முழுவதையும் இலக்கின் கணக்கில் எழுத முடியாது.

அண்மைக் காலம்

சான்றிதழ்த் திட்டம் 2030-இல் முடிகிறது. அதே ஆண்டுக்குள் 82 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது 2022-இல் பதவியேற்ற ஆந்தனி அல்பனீசி அரசின் இலக்கு. இதற்கிடையே, 2025-இல் மூடவிருந்த எராரிங் நிலையத்தின் கெடு தள்ளிப்போடப்பட்டது. 2,880 மெகாவாட் திறன்கொண்ட அது, நாட்டின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையம்.