பெற்ற நிலத்தைப் பிறர்க்கு அளித்தல்: இங்கிலாந்தின் 1290-ஆம் ஆண்டுச் சட்டம்

1066-இல் இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் காலந்தொட்டு, அந்நாட்டு நிலமனைத்தும் மன்னனிடமிருந்தே பெறப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. நேரே நிலம் பெற்ற பிரபுக்கள் அதற்கு ஈடாகப் போர்வீரரைத் தந்தனர். தாம் பெற்றதில் ஒரு பகுதியைத் தம்மை அண்டியவர்க்கு அளித்தனர். அவர்களும் தமக்குக் கீழுள்ளார்க்கு அளித்தனர். பெற்றவன் அளித்தவனையே தலைவனாகக் கொண்டு அவனுக்கே பணி செய்வான். இதனை உட்கொடை எனலாம்.

இவ்வாறு ஒரே நிலத்தின்மீது தலைவர் பலர் அடுக்காக அமைந்தனர். இதனால் விளைந்த இடர்கள் இரண்டு.

முதலாவது, கீழுள்ளவனுடையது. இடைநின்ற தலைவன் தனக்கு மேலுள்ளவனுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாதொழியின், மேலுள்ளவன் அந்நிலத்துக் கால்நடைகளைப் பற்றிக்கொள்வான். தன் கடமையைக் குறைவறச் செய்தவன் பிறன் பிழைக்காகத் தன் மாடுகளை இழந்தான். இடைத்தலைவன்மீது வழக்கிட வழியிருந்தும், தீர்வு வரும்வரை இழப்பு அவனுடையதே.

இரண்டாவது, மேலுள்ளவனுடையது. நிலம் பெற்றவன் வாரிசின்றி இறப்பின் நிலம் தலைவனிடம் மீளும். வீரப்பணிக்குரிய நிலத்தில் வாரிசு சிறுவனாயின், அவன் வளருமளவும் வருவாய் தலைவனுக்குரியது. ஆயின் ஆண்டுக்கு ஒரு ரோஜாமலர் என்னும் பெயரளவான இறைக்கு அந்நிலம் முன்னரே உட்கொடையாகியிருந்தால், தலைவன் கைக்கு வருவது அம்மலரே. மடங்களுக்கு அளித்த நிலமும் இத்தகையதே. மடத்துக்கு மரணமில்லை, ஆதலின் நிலம் மீளுதலுமில்லை. 1279-ஆம் ஆண்டுச் சட்டம் மடங்கட்கு நிலமளித்தலைத் தடுத்தது.

1290-இல் முதலாம் எட்வர்டு மன்னன் இயற்றிய சட்டம், 'குவியா எம்ப்டோரெஸ்' எனத் தன் தொடக்கச் சொற்களாலேயே வழங்கப்படுகிறது, 'வாங்குவோர்... ஆதலால்' என்பது பொருள். எந்தச் சுதந்திரக்குடியும் தன் நிலத்தை விற்கலாம். ஆனால் வாங்கியவன் விற்றவனுக்குக் கீழ் நில்லாது, விற்றவன் நின்ற இடத்திலேயே நின்று, அவனுடைய தலைவனுக்கே பணி செய்தல் வேண்டும். பகுதியை வாங்கின், பணியும் அப்பகுதியளவே.

பிரபுக்களின் நலங்கருதிய சட்டம் குடிகளுக்கு எவ்வாறு பயன்பட்டது என்று இங்கு ஒரு சங்கை எழும். ஸமாதானமாவது: தலைவனின் இசைவை வேண்டாமலே விற்கும் உரிமையை அது உறுதிசெய்தது, புதிய இடைத்தலைவர் தோன்றாமையால் அடுக்கும் காலப்போக்கில் குறைந்தது. எனினும் மன்னனிடம் நேரே நிலம் பெற்றோர்க்கு இவ்வுரிமை கிட்டவில்லை. சுதந்திரமற்ற உழுகுடிகட்கோ இச்சட்டத்தில் இடமேயில்லை.

ஸ்காட்லாந்தில் உட்கொடை முறை தொடர்ந்தது. அங்கு அம்முறை முற்றும் ஒழிந்த நாள் 2004 நவம்பர் 28.