ஆடுவோரும் வாசிப்போரும்

1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர்க் குடாநாட்டின் மேற்கே கடலிற் கிடந்த தீவுகளுக்குத் தம் தாயகத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறை அமைந்த வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. நாகபூஷணி அம்மன் கோயில் கொண்டுள்ள நயினாதீவை அவர்கள் ஹார்லம் என்றனர். அதே 1658இல், உலகின் மறுபுறத்திலே, மன்ஹற்றன் தீவின் வடபாகத்தில் ஒல்லாந்தர் ஒரு சிற்றூரை நிறுவினர். அதற்கும் புதிய ஹார்லம் என்றே பெயர் வைத்தனர். நயினாதீவின் ஒல்லாந்தப் பெயர் பழைய படங்களோடு மறைந்துவிட்டது; நியூயோர்க் நகரத்து ஹார்லமோ உலகறிந்த பெயராயிற்று.

இப் பெயரொற்றுமை தற்செயலானதே. அதன்மீது வரலாற்றுக் கோபுரம் ஒன்றை எழுப்ப முயல்வது பேதைமையாகும். எனினும், அந்த ஹார்லத்தில் இருபதாம் நூற்றாண்டிலே பிறந்த ஓர் ஆட்டத்தின் கதையை, இந்த ஹார்லத்தின் திருவீதியில் நாகசுரமும் தவிலும் முழங்கக் கேட்டவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். பிறர் நூல்வழி அறிய வேண்டியதை அவர்கள் காதாலும் காலாலும் முன்னரே அறிந்திருக்கின்றனர்.

1926ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஹார்லத்து லெனொக்ஸ் வீதியில் சவோய் என்னும் நடனசாலை திறக்கப்பட்டது. 140ஆம் தெருவுக்கும் 141ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட முழு இடத்தையும் அது பிடித்திருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடுவது அந்நாட்டில் அரிதாயிருந்த காலம் அது. சவோயில் அத் தடை இருக்கவில்லை. அங்கே வாத்தியகோஷ்டிகளுக்கு இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு கோஷ்டி ஓயும்போது மற்றது தொடங்கும். ஆடும் தளத்துக்கு ஓய்வே இல்லை. அத் தளத்திலே 'லிண்டி ஹொப்' என்னும் இணையாட்டம் வளர்ந்தது. 1927இல் லிண்ட்பேர்க் என்னும் விமானி அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே பறந்து கடந்த செய்தியிலிருந்து இப் பெயர் வந்ததென்பர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் போர்வீரர் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றனர். அங்கே அது சுருங்கியும் மாறியும் 'ஜைவ்' என வழங்கலாயிற்று.

இவ் ஆட்டத்துக்குரிய இசை 'சுவிங்' எனப்படும். சுவிங் என்றால் ஊசலாட்டம். நான்கு அடி கொண்ட தாளந்தான் அது. ஆனால் ஒவ்வோர் அடியும் இரு சமபாதிகளாகப் பிரிவதில்லை. முன்கூறு நீண்டும் பின்கூறு குறுகியும் விழும். மூன்றில் இரண்டு பங்கு முன்னும் ஒரு பங்கு பின்னும் என அண்ணளவாகக் கூறலாம். வேகம் ஏற ஏற இவ் வேறுபாடு குறையும். ஆதிதாளத்துக்குள்ளே திசிர நடையின் சாயல் புகுந்தாற்போன்றது இது. இச் சமனின்மையே கேட்போரின் முழங்காலை மடக்கி நிமிர்த்துகின்றது.

இசைவாணருக்கு ஒரு சட்டகம் உண்டு. பன்னிரண்டு தாளவட்டம் அல்லது முப்பத்திரண்டு தாளவட்டம் கொண்ட பாட்டு மீண்டும் மீண்டும் சுழலும். அச் சுழற்சிக்குள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவ்வப்போது தோன்றிய கற்பனையை வாசிப்பர். மனோதர்மம் என்று நமது இசைமரபு வழங்குவது இதனையே. ஆடுவோருக்கும் அதேபோன்ற சட்டகம் உண்டு. எட்டு எண்ணிக்கையில் அமைந்த அடிப்படைச் சுற்றில், கைகோத்து நிற்கும் இருவரும் கைநீளத்துக்கு விலகி, தத்தம் கற்பனைக்கு ஏற்ப அடி வைத்து, மீண்டும் கூடுவர். வாயால் எதுவும் சொல்லப்படுவதில்லை. கோத்த கையில் உள்ள இழுவையே மொழி. சில இடங்களில் வாத்தியங்கள் அனைத்தும் இரண்டொரு வட்டம் நின்றுவிடும். அந்த வெறுமையை ஆடுவோரின் பாதங்கள் நிரப்பும். அது கண்டு கொட்டுவோன் தன் அடுத்த அடியை மாற்றுவான்.

இனி இக்கரைக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் நேர்த்திக்கடனாக எடுக்கப்படும் காவடிகளுள் ஒருவகையில், ஆடுபவரின் முதுகிலே செடில் குத்தப்படும். அதன் கயிறுகளைப் பின்னால் ஒருவர் பற்றி நிற்பார். பார்ப்போர் கண்கள் காவடிக்காரரையே நாடும்; பின்னால் நிற்பவரை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், கயிறு தளர்ந்தால் ஆட்டம் குலையும். இறுகினால் சதை நோகும். முன்னே சாயும் உடலின் பாரத்தைத் தன் பின்சாய்வினால் ஈடுசெய்து, அடுத்த சுற்று எப்பக்கம் என்பதைக் கயிற்றின் வழியே அறிந்து, அவரும் உடன் ஆடுகின்றார். பக்தியும் கேளிக்கையும் வேறு வேறு. நேர்த்திக்கடனை நடனசாலையோடு ஒப்பிட்டால் முகஞ்சுளிப்போரும் உளர். எனினும், இழுவையால் இருவர் பேசிக்கொள்ளும் முறை இரண்டிலும் ஒன்றே. தவில்காரர் காவடிக்காரரின் காலைப் பார்த்து நடையை மாற்றுவதும், காவடிக்காரர் தவிலின் தீர்மானத்தை எதிர்பார்த்துச் சுழன்று நிற்பதும் அதே உறவின் மறுபக்கம்.

போட்டியிலும் இவ் ஒப்புமை தொடர்கின்றது. யாழ்ப்பாணத்துக் கோயில் விழாக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மேளக்கூட்டங்கள் நள்ளிரவு கடந்தும் மாறி மாறி வாசிக்கும் 'மேளச்சமா'வை அறியாதார் இலர். தமிழகத்து வித்துவான்களும் வியந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் (1933–1975) தவில் அத்தகைய சூழலில் வளர்ந்ததே. சவோய் சாலையின் சமா 1937 மே 11இல் நடந்தது. ஒரு மேடையில் பெனி குட்மனின் புகழ்பெற்ற கோஷ்டி. மறுமேடையில் சிக் வெப்பின் கோஷ்டி. வெப் முதுகெலும்பு நோயினால் வளர்ச்சி குன்றிய சிற்றுருவினர், வாசித்ததோ கொட்டுவாத்தியம். அன்றிரவு வெற்றி அவருக்கே எனச் சபை தீர்ப்பளித்தது. ஆடுவோரின் கால்களை நன்கறிந்தவர் வெப். அவ் வெற்றிக்கு வேறு காரணம் தேடுவது வீண். இரண்டு ஆண்டுகளில் அவர் மறைந்தார்.

இலங்கைக்கு இணையாட்டம் சவோயினால் வந்ததன்று. போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொணர்ந்த ஆபிரிக்கரோடும் அது முன்னரே கரையேறிவிட்டது. மட்டக்களப்புப் பறங்கியரின் திருமண வீடுகளில் வயலின் இசைக்கு ஆண்களும் பெண்களும் ஆடிய 'கபரிஞ்ஞா' அதன் வழிவந்தது. 'பைலா' என்னும் சொல்லும் ஆட்டத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே. கொடுத்த பொருளில் அக்கணமே பாட்டுக் கட்டி ஒருவரையொருவர் மடக்கும் வாதுப் பைலாவும் அதிலிருந்து கிளைத்தது. சுவிங் இசையோ 1944இல் வானலை வழியே வந்தது. தென்கிழக்காசியப் படையினருக்காகக் கொழும்பிலிருந்து ஒலித்த 'றேடியோ சியாக்' நிலையம் மேனாட்டு நடன இசையைப் பரப்பிற்று. போர் ஓய்ந்தபின் இலங்கை வானொலி அந் நிலையத்தின் சாதனங்களைப் பெற்றுக்கொண்டது. கடல் கடத்தப்பட்ட ஆபிரிக்கரின் தாளம் இவ்வாறு இரு வழிகளில், முந்நூறு ஆண்டு இடைவெளியில், இத்தீவை வந்தடைந்தது.

தீவகத்துக் கத்தோலிக்கக் கரையோர ஊர்களில் வழங்கியதோ கூத்து. அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று ஆட்டக்காரரை நடத்துவார். ஆட்டக்காரர் களைத்தால் தாளத்தைத் தாங்குவார், உற்சாகம் கொண்டால் நீட்டுவார். ஆனால், யாழ்ப்பாணத்துத் தென்மோடிக் கூத்தில் காலப்போக்கில் ஆட்டம் குன்றிப் பாட்டே மேலோங்கிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது ஆட்டத்துக்காக மட்டக்களப்பு மரபையே நாட வேண்டியிருந்தது.

ஹார்லத்திலும் காலும் காதும் பிரிந்தன. 1944இல் அமெரிக்க அரசு, ஆட்டம் நடைபெறும் கேளிக்கைச்சாலைகள் மீது 30 சதவீத வரி விதித்தது. பின்னர் அதனை 20 சதவீதமாகக் குறைத்தது. ஆட விட்டால் வரி. உட்கார்ந்து கேட்க விட்டால் வரியில்லை. சாலைகள் சிறுத்தன; கோஷ்டிகள் சிறுத்தன. இளைய இசைவாணர் வேகமும் சிக்கலும் மிக்க புதிய இசையை இருக்கைகளில் அமர்ந்தோருக்கு வாசித்தனர். அவ் இசை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், தவறான நடையைப் பிடித்தால் உடனே நின்றுவிடும் ஐந்நூறு சோடிக் கால்கள் அவர்கள் முன் இருக்கவில்லை. சவோய் 1958இல் மூடப்பட்டது; புதிய ஹார்லம் நிறுவப்பட்டு அப்போது சரியாக முந்நூறு ஆண்டு. அங்கே தலைசிறந்து விளங்கிய பிராங்கி மானிங் தபாற் கந்தோர் ஊழியராகிப் பல்லாண்டு கழித்தார். 1980களிலே சுவீடனிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் இளைஞர் சிலர் அவரைத் தேடிவந்து, இந்த ஆட்டத்தைக் கற்றுத் தருமாறு கேட்டனர். 2009இல் இறக்கும்வரை கற்பித்துக்கொண்டே இருந்தார்.

தீவகத்தைச் சிதைத்தது வரியன்று, போர். 1990இலும் அதை அடுத்தும் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறினர். இசை ஒலிப்பேழைகளிலே கூடச் சென்றது. ஆட்டம் அவ்வாறு செல்லக்கூடியதன்று. ஆனி மாதப் பெருவிழாவுக்காகக் குறிகட்டுவான் துறையிலே வள்ளம் ஏறி நயினாதீவுக்குச் செல்வோருள் அவர்களின் மக்களும் பேரரும் இப்போது உளர். தவிலை ஒலிப்பேழையிலே கேட்டு வளர்ந்த அப்பிள்ளைகள், கோயில் வீதியிலே முதன்முறையாக அதன் எதிரில் நிற்கின்றனர். தவில்காரரின் கண்கள் கூட்டத்தின் முகங்களைப் பார்ப்பதில்லை. கீழே, மணலில், யாருடைய பாதம் அசைகின்றது என்று பார்க்கின்றன.