லயத்தில் மலர்ந்த அழகு

அழகும் கலையும் செல்வர் மாளிகைக்கே உரியன என்பார் உளர். நெகிரி செம்பிலான் தோட்டங்களின் பழமையை ஆராயும் நமக்கு அக்கூற்றுப் பொய்யெனவே தோன்றுகிறது.

சிரம்பான், லுக்குட், ரந்தாவ், பகாவ் பகுதிகளில் ரப்பர் பரவிய காலத்தே, இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்ற நம் பெண்மக்கள் ஆடவரினும் குறைந்த கூலியே பெற்றனர். 1930-இல் ரப்பர் விலை வீழவே அதுவும் குறைக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் பால் நாற்றம் நீங்கச் சீயக்காய் தேய்த்து முழுகினர்; மருதோன்றி அரைத்து விரல் சிவப்பித்தனர். மலாய்ப் பெண்டிர் ‘இனாய்’ என மணநாளில் இடுவதும் இவ்விலையே. சிரம்பானையும் போர்ட் டிக்ஸனையும் 1891-இலேயே ரயில் இணைத்தது. கட்டுச்சோற்றுடன் கடற்கரை கண்டு திரும்புதல் எளியோர்க்கும் இயல்வதாயிற்று.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசியும் துணியும் அரிதாயின. மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரவர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், திரும்பாதோர் பலர். எஞ்சிய தாய்மார் மரவள்ளிக் கிழங்கின் தோலுரித்து, நஞ்சு நீங்க வேகவைத்து, மக்களைக் காத்தனர். சாக்கும் உடையாயிற்று. அவர்தம் கைத்திறனுக்கு அதனினும் கடுஞ்சோதனை வேறில்லை.

இத்தகைய இல்லத்தின் கூலியைக் கள்ளுக்கடை விழுங்குமாயின் எஞ்சுவது யாது? 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளை எதிர்த்து எழுந்தபோது, காக்க முயன்றது இவ்வெளிய வாழ்வையே என்போம்.

ரப்பரின் எடையைக் கணக்கெழுதியோர் இவற்றை எழுதிற்றிலர். பழைய லயங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்ட இந்நாளில், பாட்டிமாரைக் கேட்டு நாமே குறித்து வைப்போமாக.