கழுத்துத் தமனியைக் கண்ட கதை

ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலிழந்து, வாய் கோணி, பேச்சுக் குழறுவதைப் பக்கவாதம் என்கிறோம். கோளாறு கையிலோ காலிலோ இல்லை, மூளையில் உள்ளது என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் நோயாளிகள் பலரிடம் அதன் தொடக்கம் மூளையிலும் இல்லை, கழுத்தில் உள்ளது! மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோட்டிட் என்னும் கழுத்துத் தமனியில்தான் வினை விளைகிறது. உயிருள்ள மனிதரின் உடலுக்குள் ஓடும் இக்குழாயை மருத்துவர்கள் பார்க்கக் கற்றுக்கொண்டது எப்படி? அதில் இயற்பியலின் பங்கு என்ன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நிழலைப் பிடித்தவர்கள்

1895ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். எலும்பு படத்தில் தெளிவாக விழுந்தது. இரத்தக் குழாய் விழவில்லை. இரத்தமும் அதைச் சுற்றியுள்ள தசையும் எக்ஸ்-கதிர்களை ஏறத்தாழ ஒரே அளவில் உட்கவர்வதே காரணம். 1927ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர் சோடியம் அயோடைடு கரைசலைக் கழுத்துத் தமனியில் செலுத்திப் படம் எடுத்தார். அயோடினின் அணு எண் 53. அது எக்ஸ்-கதிர்களை நன்கு தடுக்கும். ஆகவே மூளைத் தமனிகள் மரக்கிளைகள்போல் படத்தில் தெரிந்தன. பக்கவாத நோயாளிகளின் கழுத்துத் தமனி அடைபட்டிருப்பதை 1937-இல் மோனிஸ் குழுவினர் இம்முறையால் காட்டினர்.

1951-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் மில்லர் ஃபிஷர் இன்னொரு முக்கியமான செய்தியை வெளியிட்டார். பக்கவாதம் தாக்குவதற்கு முன்பே சில நோயாளிகளுக்குச் சிறு எச்சரிக்கைகள் வந்திருந்தன. ஒரு கண்ணில் மட்டும் சில நிமிடங்கள் பார்வை மங்கும். அல்லது ஒரு கை துவண்டு, பிறகு தானே சரியாகிவிடும். வலக் கண் மங்கியவருக்கு இடக் கை துவளும். ஏன்? கண்ணுக்குச் செல்லும் தமனி அதே பக்கத்துக் கழுத்துத் தமனியிலிருந்து பிரிகிறது. மூளையின் வலப்பாதியோ உடலின் இடப்பக்கத்தை ஆள்கிறது. இரண்டுக்கும் பொதுவான இடம் கழுத்துத் தமனியே.

அடைப்பை அறுவை மருத்துவத்தால் நீக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 1991-இல் விடை தந்தது. எச்சரிக்கைக் குறிகள் கண்டு, தமனி 70 விழுக்காடோ அதற்கு மேலோ சுருங்கியிருந்தோரில், மருந்து மட்டும் உட்கொண்டவர்களுள் 26 விழுக்காட்டினரை இரண்டாண்டுகளுக்குள் அதே பக்கத் தமனியைச் சார்ந்த பக்கவாதம் தாக்கியது. அறுவை செய்துகொண்டவர்களுள் 9 விழுக்காட்டினரையே தாக்கியது.

எனினும் ஒரு குறை இருந்தது. அயோடின் காட்டுவது இரத்தம் ஓடும் வழியை மட்டுமே. குழாயின் சுவரை அன்று. வாய்க்காலில் நீரின் அகலத்தைப் பார்த்துக் கரை அரித்திருப்பதை அறிய முடியுமா? கொழுப்புப் படியும்போது தமனி வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது என்று 1987-இல் இதயத் தமனிகளை ஆராய்ந்த கிளகோவ் குழுவினர் காட்டினர். அதாவது, சுவரில் படிவு பெருகியிருந்தும் படத்தில் வழி அகலமாகவே தோன்றலாம்.

சுவரைத் தொட்ட ஒலி

அம்பத்தூர், ஆவடி வட்டாரத் தொழிற்கூடங்களில் பணிபுரிவோர்க்கு உலோக வார்ப்பினுள் விரிசல் உள்ளதா என்று கேளா ஒலியால் சோதிக்கும் முறை புதிதன்று. ஒலி உள்ளே சென்று, விரிசலில் மோதி, எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறோம். தமனிச் சுவரை அளப்பதும் இதே தத்துவத்தால்தான். 1986-இல் இத்தாலியின் பிக்னோலி குழுவினர் தமனிச் சுவரின் உள்ளடுக்குகளின் தடிப்பை இவ்வாறு அளந்து காட்டினர்.

சென்னையிலும் இந்த அளவீடு நடந்தது. அம்பத்தூருக்கு அருகிலுள்ள திருமங்கலத்திலும் தியாகராய நகரிலும் டாக்டர் வி. மோகன் குழுவினர் 1262 பேரைக் கொண்டு மக்கள்தொகை ஆய்வு ஒன்றை நடத்தினர். அதன் பகுதியாகக் கழுத்துத் தமனியை அளந்து 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நீரிழிவு உள்ளோரின் சராசரித் தடிப்பு 0.95 மில்லிமீட்டர், இல்லாதோருக்கு 0.74 மில்லிமீட்டர். உடல் திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் செல்கிறது. எனவே 0.74 மில்லிமீட்டரைக் கடந்து திரும்ப அதற்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோ நொடி போதும்! நோயின் குறி எதுவும் வெளியே தெரியாத காலத்திலேயே சுவரின் மாற்றத்தை இந்நுண்ணிய கால இடைவெளி சொல்லிவிடுகிறது.

மூடி கிழியும் கணம்

ஆனால் தடிப்பு மட்டுமே ஆபத்தைத் தீர்மானிப்பதில்லை. முதிர்ந்த படிவின் நடுவே குழம்புபோன்ற கொழுப்பு இருக்கும். அதன்மேல் நார்த்திசுவாலான மூடி இருக்கும். குழாய்ச் சுவரில் ஏற்படும் தகைவு, அழுத்தத்துக்கும் ஆரத்துக்கும் நேர்விகிதத்திலும், தடிப்புக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்று படித்திருக்கிறோம். மூடிக்கும் தோராயமாக இது பொருந்தும். அழற்சியால் மூடி பாதியாக மெலிந்தால் தகைவு இரு மடங்காகும். ஒரு நாள் அது கிழிகிறது. உள்ளிருக்கும் பொருள் இரத்தத்தைத் தொட்டதும் இரத்தம் உறைகிறது. உறைகட்டியின் துணுக்கு மூளைக்கு அடித்துச் செல்லப்பட்டு, அங்கே ஒரு கிளையை அடைக்கிறது.

இம்மூடியைக் காட்டியது எம்.ஆர்.ஐ. முறை. கொழுப்பு, நார்த்திசு, கசிந்த இரத்தம் ஆகியவற்றிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப் புலத்தில் வெவ்வேறு வகையாக நடந்துகொள்வதால் அவற்றைப் பிரித்தறிய முடிகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 53 நோயாளிகளை இவ்வாறு சோதித்து 2002-இல் முடிவை வெளியிட்டனர். மூடி தடித்திருந்தோருள் 9 விழுக்காட்டினருக்கே அண்மையில் பக்கவாதமோ எச்சரிக்கைக் குறியோ வந்திருந்தது. மூடி கிழிந்திருந்தோரில் இது 70 விழுக்காடு! சோதிக்கப்பட்டோர் சிலரே, படமும் நோய் வந்த பிறகு எடுத்ததே. ஆயினும் குழாய் எவ்வளவு சுருங்கியது என்பதோடு, மூடி எந்நிலையில் உள்ளது என்றும் கேட்க வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

எம்.ஆர்.ஐ. கருவி எல்லா ஊரிலும் இல்லை. கழுத்தில் வைத்துப் பார்க்கும் கேளா ஒலிக் கருவியும் மண்டையோட்டினுள் உள்ள தமனிகளைக் காட்டாது. ஆசிய மக்களிடம் அத்தமனிகளின் சுருக்கமும் பக்கவாதத்துக்கு முக்கியக் காரணமாகும். ஆனால் ஃபிஷர் குறித்த எச்சரிக்கையைக் கண்டுகொள்ள எந்தக் கருவியும் வேண்டா. ஐந்து நிமிடம் துவண்ட கை மீண்டும் சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து வீட்டிலிருத்தல் தவறு. பெரும் பக்கவாதம் தொடரும் அபாயம் அடுத்த சில நாட்களில்தான் மிகுதி. அன்றே மருத்துவமனைக்குச் சென்றால், கிழிந்த மூடி அடுத்த துணுக்கை அனுப்புவதற்கு முன் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.