கிறிஸ்து அரசர் பெருவிழா

கிறிஸ்து அரசர் பெருவிழா என்பது இயேசு கிறிஸ்துவை அனைத்துலகின் அரசராகப் போற்றும் வண்ணம் கத்தோலிக்க திருச்சபை ஆண்டுதோறும் சிறப்பிக்கும் விழா ஆகும். இது திருவழிபாட்டு ஆண்டின் இறுதி ஞாயிறன்று, அதாவது திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. எனவே இவ்விழா நவம்பர் 20க்கும் 26க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் அமையும். ஆங்கிலிக்கன், லூதரன் சபைகள் பலவும் இந்நாளைக் கடைப்பிடிக்கின்றன.

வரலாறு

கிறிஸ்துவை அரசர் என அழைக்கும் வழக்கம் புதிய ஏற்பாட்டுக் காலத்திலேயே இருந்தது. ஆயினும் அதற்கெனத் தனி விழா 20ஆம் நூற்றாண்டில்தான் ஏற்பட்டது. முதலாம் உலகப் போரின் விளைவாக ரஷ்யா, செருமனி, ஆஸ்திரியா-அங்கேரி ஆகிய நாடுகளில் முடியாட்சிகள் வீழ்ந்தன. போர் முடிந்த பின்னும் நாடுகளிடையே பகைமை தணியவில்லை. இத்தாலியில் 1922இல் முசோலினி ஆட்சிக்கு வந்தார். இச்சூழலில், தனிமனித வாழ்விலும் பொதுவாழ்விலும் கிறிஸ்துவின் ஆட்சியை மக்கள் ஏற்றாலன்றி நிலையான அமைதி பிறக்காது எனத் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் கருதினார்.

அவர் 1925 டிசம்பர் 11 அன்று வெளியிட்ட "குவாஸ் பிரீமாஸ்" என்னும் சுற்றுமடல் வழியாக இவ்விழாவை நிறுவினார். அவ்வாண்டு யூபிலி ஆண்டாகவும், நிசேயா பொதுச்சங்கத்தின் (325) 1600ஆம் ஆண்டு நிறைவாகவும் இருந்தது. முதல் விழா 1925 டிசம்பர் 31 அன்று நடைபெற்றது. அதன்பின் அனைத்துப் புனிதர் விழாவுக்கு முன்வரும் அக்டோபர் மாத இறுதி ஞாயிறு இதற்கு உரிய நாளாயிற்று.

மெக்சிக்கோவில்

மெக்சிக்கோவில் அரசு சமயச் செயல்பாடுகளைக் கடுமையாக ஒடுக்கியதால் 1926 முதல் 1929 வரை கிறிஸ்தேரோ போர் நிகழ்ந்தது. "கிறிஸ்து அரசர் வாழ்க" என்பதே கிளர்ச்சியாளரின் முழக்கமாக இருந்தது. இயேசு சபைக் குரு மிகேல் புரோ 1927 நவம்பர் 23 அன்று, முறையான விசாரணை ஏதுமின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் இச்சொற்களைக் கூறியே உயிர்நீத்தார் என்பர். 1988இல் அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது.

நாள் மாற்றம்

திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டியைச் சீரமைத்தபோது, இவ்விழாவை ஆண்டின் இறுதி ஞாயிறுக்கு மாற்றி, அதற்குப் பெருவிழா என்னும் உயர்நிலை அளித்தார். இதனால் விழாவின் அழுத்தமும் ஓரளவு மாறியது. நாடுகளும் சமூகங்களும் கிறிஸ்துவின் ஆட்சிக்கு உட்பட வேண்டும் என்னும் கருத்து முன்பு மேலோங்கியிருந்தது. பின்னர், காலத்தின் நிறைவில் அனைத்தும் அவரில் ஒன்றுசேரும் என்னும் எதிர்நோக்கு முதன்மை பெற்றது. பழைய இலத்தீன் முறையில் வழிபடுவோர் அக்டோபர் மாதத்திலேயே விழாவைக் கொண்டாடுகின்றனர்.

ஆன்மிகப் பொருள்

இவ்விழாவின் நற்செய்தி வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் மாறி வருகின்றன. அவற்றுள் எதிலும் கிறிஸ்து படைபலம் கொண்ட அரசராகக் காட்டப்படுவதில்லை.

முதலாம் ஆண்டு (மத்தேயு 25:31-46): அரசர் அரியணையில் அமர்ந்து தீர்ப்பிடுகிறார். பசித்தோர், அன்னியர், நோயாளர், சிறையிலுள்ளோர் ஆகியோருக்குச் செய்ததையும் செய்யத் தவறியதையும் தமக்கே உரியதாகக் கொள்கிறார்.

இரண்டாம் ஆண்டு (யோவான் 18:33-37): பிலாத்துவின் முன் கைதியாக நிற்கும் இயேசு, தமது ஆட்சி இவ்வுலக ஆட்சிகளைப் போன்றதன்று என விளக்குகிறார்.

மூன்றாம் ஆண்டு (லூக்கா 23:35-43): சிலுவையில் தொங்கும் இயேசுவை அரசர் என ஏளனம் செய்கின்றனர். அருகில் அறையப்பட்ட குற்றவாளி ஒருவரே அவரது ஆட்சியை நம்பி வேண்டுகிறார்.

ஆகவே, இவ்விழாவின் நோக்கில் அரசராயிருத்தல் என்பது பணிபுரிதலும் உண்மைக்குச் சான்று பகர்தலும் மன்னித்தலும் ஆகும். திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் இவ்வரசப் பணியில் பங்குபெறுவதாகத் திருச்சபை போதிக்கிறது.

வழிபாடு

இப்பெருவிழாவின் திருப்பலியில் குருக்கள் வெண்ணிறத் திருவுடை அணிகின்றனர். மனிதகுலத்தை இயேசுவின் திருஇருதயத்திற்கு அர்ப்பணிக்கும் மன்றாட்டு இந்நாளில் சொல்லப்படுகிறது. சில இடங்களில் நற்கருணைப் பவனியும் நடைபெறுவதுண்டு. முன்பு குருத்து ஞாயிறன்று மறைமாவட்ட அளவில் கொண்டாடப்பட்ட உலக இளையோர் நாள், திருத்தந்தை பிரான்சிசின் முடிவுப்படி 2021 முதல் இப்பெருவிழாவன்று கொண்டாடப்படுகிறது.